திரும்பி வராத புறாவின் கணக்கு

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் மொட்டை மாடிகளில் மரச்சட்டமும் கம்பி வலையும் அடித்த புறாக் கூண்டுகள் இன்றும் நிற்கின்றன. கூண்டுக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அங்கே இரண்டு கட்சி இருப்பது சீக்கிரமே தெரிந்துவிடும். ஒன்று சங்கத்துக் கட்சி. இவர்கள் ஹோமர் வளர்ப்பவர்கள். புறாவை வண்டியேற்றி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் விட்டு, எது வேகமாக வீடு சேர்கிறது என்று பார்ப்பார்கள். மற்றது தெருக் கட்சி. சாதாப் புறாவையும் கர்ணப் புறாவையும் தங்கள் மாடியிலிருந்தே பறக்கவிட்டு, எது அதிக நேரம் வானில் நிற்கிறது, எது அதிகமாகக் கர்ணம் அடிக்கிறது என்று பார்ப்பவர்கள். ஹோமரையே சங்கத்தில் சேராமல் இரண்டு பேர் சவால் விட்டுப் பறக்கவிடுவதும் உண்டு.

எது முறையான பந்தயம் என்று கேட்டால், இரு தரப்பும் ஜெயித்த புறாவைக் காட்டித்தான் பதில் சொல்லும். நான் திரும்பி வராத புறாவை வைத்து இரண்டையும் எடைபோடப் போகிறேன். பந்தயம் என்று ஒன்று நடந்தால் அதில் உயிரைப் பணயம் வைப்பது பறவைதான். மற்றவர்கள் வைப்பது பணமும் பெயரும்.

சங்கத்தின் பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். குஞ்சு பொரிந்த முதல் பத்து நாளுக்குள், கால் விரல்கள் மெலிந்திருக்கும்போதே, மூட்டில்லாத ஒரு அலுமினிய வளையத்தைக் காலில் மாட்டிவிடுகிறார்கள். கால் வளர்ந்தபின் அந்த வளையத்தைக் கழற்ற முடியாது. அதில் ஆண்டு, சங்கத்தின் பெயர், எண் எல்லாம் இருக்கும். பந்தயத்துக்கு முன்தினம் சங்கத்தில் வைத்து இன்னொரு ரப்பர் வளையம் போடுகிறார்கள். ஒவ்வொரு கூண்டுக்கும் விடுமிடத்துக்கும் உள்ள தூரம் முன்கூட்டியே அளந்து வைக்கப்பட்டிருக்கும். புறா வந்து கூண்டுக்குள் நுழைந்ததும் நேரம் பதிவாகிறது. தூரத்தை நேரத்தால் வகுத்து, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று வேகம் பார்த்து இடம் கொடுக்கிறார்கள்.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். ஓங்கோலில் விட்ட புறா, அங்கிருந்து 260 கிலோமீட்டரில் உள்ள திருவொற்றியூர்க் கூண்டுக்கு 260 நிமிடத்தில் வருகிறது என்று வையுங்கள். நிமிடத்துக்குச் சரியாக 1,000 மீட்டர். ராயபுரத்துக் கூண்டு இன்னும் 5 கிலோமீட்டர் தெற்கே, 265-ல் இருக்கிறது. அங்கே புறா 264-ஆவது நிமிடத்தில் இறங்குகிறது. நாலு நிமிடம் பின்னால் வந்தாலும் அதன் வேகம் ஏறக்குறைய 1,004 மீட்டர். ஜெயித்தது ராயபுரம்தான். தெருச் சவாலில் இந்த நியாயம் கிடைக்காது. யார் முதலில் போன் போட்டு ‘வந்துருச்சு’ என்றாரோ அவர் ஜெயித்தவர். மற்றவர் நம்ப வேண்டும், அல்லது சண்டை போட வேண்டும்.

சங்கப் பந்தயத்தில் சில சமயம் புறா மாடி வரை வந்துவிட்டு, தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்துகொண்டு கூண்டுக்குள் இறங்காமல் அடம் பிடிக்கும். கம்பும் பட்டாணியும் போட்ட டப்பாவைக் குலுக்கியபடி வீட்டுக்காரர் கீழே தவிப்பார். உள்ளே போனால்தான் நேரம். அந்த இரண்டு நிமிடத்தில் பரிசு கைமாறும். அவர் அப்போது கல்லெறிந்து விரட்டினால் அடுத்த வாரம் அந்தப் புறா அவரை நம்பாது. பறவையோடு பழகத் தெரியாதவனுக்கு ஹோமர் பந்தயத்தில் இடமில்லை என்பதை அந்த மாடியில் நின்றால் எவரும் ஒப்புக்கொள்வார்கள். சினிமா இந்தப் பக்கத்தை அதிகம் காட்டியதில்லை. 2015-ல் வந்த ‘மாரி’ வடசென்னைப் புறாவைத் தமிழகம் முழுக்கத் தெரியவைத்தது. 2024-ல் வந்த ‘பைரி’ நாகர்கோவில் பந்தயத்தைக் கதையாக்கியது. இரண்டிலும் மனிதர்களின் பகைதான் முன்னால் நிற்கிறது.

தெருவின் பக்கமும் நியாயம் இருக்கிறது. சாதாப் புறா தன் மாடியை விட்டு வெகுதூரம் போவதில்லை. காலையில் விட்டால் வீட்டுக்கு நேர் மேலே, கண்ணுக்கெட்டும் உயரத்தில் சுற்றும். களைத்தால் இறங்கிவிடலாம், தோற்பது அதன் எஜமானர் மட்டுமே. முந்நூறு கிலோமீட்டர் தள்ளி அறியாத ஊரில் கூடையைத் திறந்துவிடும் கொடுமை இதில் இல்லை. செலவும் குறைவு. மீன்பிடித் துறைமுகத்தில் கூலிக்குப் போகும் பையன் நாலு ஜோடி வாங்கி வளர்க்கலாம். சங்கத்துக்குள் நுழைய சந்தா, வளையம், வண்டிச் செலவு, நேரம் பதியும் கருவி என்று கையைக் கடிக்கும். பெல்ஜியத்து ஜான்சன் வம்சம் என்று சொல்லிப் புறாவின் விலையும் ஏறிக்கொண்டே போகிறது. 2020 நவம்பரில் நியூ கிம் என்ற பெல்ஜியப் பெண் புறா 16 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. அந்தக் காற்று இங்கேயும் அடிக்கிறது.

ஆனால் தெருவின் குறைகள் கடுமையானவை. கோடை வெயிலில் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் வானில் நிற்கவைப்பதற்காகப் பறவையைப் பழக்கும் விதத்தை யாரும் கேட்பதில்லை. அடுத்த மாடியில் இறங்கிய புறா பிடித்தவனுக்கே சொந்தம் என்பது எழுதாத சட்டம். வளையம் இல்லாத பறவைக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. மீட்க வருபவன் பணம் கொடுக்க வேண்டும் அல்லது அடிதடிக்குத் தயாராக வேண்டும். பந்தயப் பணம் கூடக்கூட இந்தப் பகை முற்றுகிறது. பைரி என்ற வேட்டைப் பறவை அடித்துப் போன புறா, மாஞ்சா நூலில் சிறகறுந்த புறா, இறங்கவே இறங்காமல் காணாமல் போன புறா எல்லாம் எங்கேயும் எழுதப்படாமல் போகின்றன. இந்த இடத்தில் தெரு தோற்கிறது.

அப்படியானால் சங்கம் ஜெயிக்கிறதா? இங்கேதான் நான் நிதானிக்கிறேன். ஓங்கோல், விஜயவாடா என்று தொடங்கும் பந்தயம் நாக்பூர் வரை நீளும்போது தூரம் 900 கிலோமீட்டரைத் தொடுகிறது. வழியில் வல்லூறும் மழையும் வேட்டைக்காரனின் வலையும் இருக்கின்றன. பழவேற்காடு ஏரியைத் தாண்டி வீட்டை நெருங்கும் நேரத்தில் எண்ணூரின் உயரழுத்த மின்கம்பிகள். அதன்பின் நம் தெருக்களின் மாஞ்சா. இத்தனையும் கடந்து வருவதைப் பாராட்டிக் கோப்பை கொடுக்கிறோம். நான் பார்த்த முடிவுத் தாள்களில் முதல் இடம், இரண்டாம் இடம், வளைய எண், வேகம் எல்லாம் தசமப் புள்ளி வரை இருந்தன. எத்தனை கூடையேறின, எத்தனை வீடு வந்தன என்று ஒரு வரி இல்லை. ரப்பர் வளையம், அளந்த தூரம், பதிவான நேரம் ஆகிய மூன்றும் ஜெயித்தவனை இன்னொரு மனிதனின் ஏமாற்றிலிருந்து காப்பாற்றுபவை. பறவையைக் காப்பாற்றும் விதி அந்தத் தாளில் எங்கும் தென்படவில்லை.

விதி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் இதுதான் கதி என்பதற்கு உலகத்தில் சாட்சி உண்டு. இங்கிலாந்தின் ராயல் புறாப் பந்தயச் சங்கம் 1997 ஜூனில் தன் நூற்றாண்டுப் பந்தயத்தை நடத்தியது. பிரான்சின் நாந்த் நகரிலிருந்து 60,000-க்கும் மேற்பட்ட புறாக்களை விட்டார்கள். பெரும்பகுதி வீடு திரும்பவில்லை. வளையமும் இருந்தது, அளந்த தூரமும் இருந்தது.

அதே இங்கிலாந்தில் கிரேஹவுண்ட் நாய்ப் பந்தயத்தில் சங்கத்துக்கும் தெருவுக்குமான இந்தப் போட்டி நூறு ஆண்டாக நடந்திருக்கிறது. 1926 ஜூலையில் மான்செஸ்டரின் பெல் வ்யூ மைதானத்தில் இயந்திர முயலின் பின்னே நாய்கள் ஓடத் தொடங்கின. 1928-ல் அதை ஆள ஒரு மன்றம் வந்தது. மன்றத்தின் பதிவுக்கு வெளியே ஓடும் களங்களை ‘ஃப்ளாப்பிங்’ களம் என்றார்கள். அங்கே நாய் வேறு பெயரில் ஓடலாம், மருந்துச் சோதனை கிடையாது. சுரங்கத் தொழிலாளி ஊர்களில் வீட்டில் வளர்த்த நாயைக் கொண்டுவந்து ஓடவிடும் எளிய இடமும் அதுவே. மன்றத்துக்காரர்கள் அவர்களைத் தாழ்த்திப் பேசினார்கள். பதிவுபெற்ற நாய் அங்கே போய் ஓடினால் தண்டனை.

2006-ல் ஒரு பத்திரிகை வெளியிட்ட செய்தி அந்தப் பெருமிதத்தைத் தகர்த்தது. வடகிழக்கு இங்கிலாந்தின் சீஹாமில் ஒருவர், ஓடி ஓய்ந்த நாய்களைத் தலைக்கு 10 பவுண்டு வாங்கிக்கொண்டு பல ஆண்டுகளாகக் கொன்று புதைத்து வந்திருந்தார். எண்ணிக்கை 10,000 வரை இருக்கும் என்றது அந்தச் செய்தி. அவற்றை அனுப்பியவர்களில் உரிமம் பெற்ற பயிற்சியாளர்களும் இருந்தார்கள். அவர்மீது வழக்கு வந்தது, அனுமதியில்லாமல் கழிவைப் புதைத்ததற்காக. நாய்களின் சாவு அந்த வழக்கில் கழிவாகத்தான் எண்ணப்பட்டது. அதற்குப் பிறகுதான் 2010-ல், இங்கிலாந்தில் எல்லாக் களங்களுக்கும் கால்நடை மருத்துவர் கட்டாயம், காயங்களைப் பதிவு செய்வது கட்டாயம் என்று அரசு விதி வந்தது. காயக் கணக்கையும் சாவுக் கணக்கையும், மன்றத்தின் இடத்துக்கு வந்த வாரியம் ஆண்டுதோறும் வெளியிடத் தொடங்கியது 2018 முதல். மன்றம் பிறந்து 90 ஆண்டு கழித்து! அந்த எண்கள் வெளியே வந்தபின் விவாதத்தின் போக்கே மாறியது. 2024 டிசம்பரில் நியூசிலாந்தும், 2025 பிப்ரவரியில் வேல்ஸும் இந்தப் பந்தயத்தையே நிறுத்தப் போவதாக அறிவித்தன.

நம் ஊரில் அரசின் கண் முழுதாக விழுந்த பந்தயம் கிண்டிக் குதிரைப் பந்தயம். அதை ஒழிக்க 1974-ல் சட்டம் வந்தது. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமையின் ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. 2024 செப்டம்பரில் மைதானத்தின் குத்தகையை அரசு ரத்து செய்தது. ஐம்பது ஆண்டு வழக்கு முழுக்கச் சூதா திறமையா, நிலம் யாருக்கு, பாக்கி எவ்வளவு என்பதையே சுற்றியது. குதிரையின் கால் அந்த வாதங்களின் மையத்தில் இல்லை. ஜல்லிக்கட்டில்தான் வேறு பாதை திறந்தது. 2009-ன் ஒழுங்குமுறைச் சட்டம், 2014-ன் தடை, 2017-ன் சட்டத் திருத்தம், 2023 மே மாதத் தீர்ப்பு என்று நீண்ட அந்தப் போராட்டத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் காளைக்கு வலிக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதனால்தான் இன்று வாடிவாசலுக்குப் போகும் முன் காளை மருத்துவர் முன்னால் நிற்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. தெருச் சவாலைவிடச் சங்கப் பந்தயம் மேல். காரணம் அந்த அலுமினிய வளையம். வளையம் உள்ள பறவையைத்தான் எண்ண முடியும். எண்ண முடிந்ததைத்தான் காக்கச் சொல்லிக் கேட்க முடியும். ஆனால் எண்ணும் வசதியைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணாமல் இருக்கும் சங்கத்துக்குத் தெருவைப் பார்த்துப் பேசும் தகுதி பாதிதான். அரசு முத்திரையையும் பந்தயப் பணத்துக்கு உரிமத்தையும் புறாவுக்குக் கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பணத்துக்கு உரிமம் வந்த இடங்களில் விதிகள் பணத்தைக் காக்கப் பிறந்தன. உயிரின் கணக்கு பத்திரிகைச் செய்திக்கும் வழக்குக்கும் பிறகு வந்து சேர்ந்தது.

சங்க நிர்வாகிகளிடம் கேட்பது நாலே காரியம். ஒவ்வொரு பந்தய முடிவுத் தாளிலும் விட்ட புறா எத்தனை, மூன்றாம் நாள் மாலைக்குள் வீடு வந்தது எத்தனை என்று அச்சிடுங்கள். பாதிக்குமேல் திரும்பாத தூரத்தை அடுத்த பருவத்தில் கைவிடுங்கள். விடுமிடத்தில் மழையோ எதிர்க்காற்றோ இருந்தால் கூடையைத் திறக்காமல் திருப்பிக் கொண்டுவரும் அதிகாரத்தை வண்டியோடு போகும் ஆளிடம் எழுத்தில் கொடுங்கள். காசிமேட்டுப் பையனின் சாதாப் புறாவுக்கும் அடக்க விலையில் வளையம் கொடுங்கள். அவனைச் சங்கத்தில் சேரச் சொல்வதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இவற்றில் எதற்கும் அரசாணை வேண்டாம், சட்டமன்றம் வேண்டாம். அடுத்த பந்தயத்துக்குக் கூடையேற்றும் இரவிலேயே தொடங்கிவிடலாம்.