வழிநூல் மரபும் அசைவூட்டப் படத்தொடர்களின் நூலாக்கமும்: டிரேசி வெஸ்டின் சிறார் எழுத்தை முன்வைத்து

தொல்காப்பிய மரபியல் நூலினை முதல்நூல், வழிநூல் என இரண்டாகப் பகுக்கிறது. வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல் என நால்வகைப்படுத்துகிறது. இவ்வரையறை இலக்கண நூலுக்கு உரியதே. எனினும் கதையிலக்கியத்தை அளப்பதற்கும் இது பயன்படும் என்பதில் ஐயமில்லை. வான்மீகியைப் பின்பற்றியமையால் கம்பரைக் குறைத்து மதிப்பிட்டவர் எவருமிலர். ஆனால், தொலைக்காட்சித் தொடரொன்றைச் சிறுவர் படிக்கும் கதைநூலாக்குபவர் மட்டும் கூலிக்கு எழுதுபவராகவே கருதப்படுகிறார். திறனாய்வாளர்கள் அந்நூல்களைப் பொம்மை, பைக்கட்டு ஆகியவற்றோடு விற்கப்படும் வணிகச் சரக்காக எண்ணி ஒதுக்கிவிடுகின்றனர். இம்மதிப்பீடு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

ஆங்கிலத்தில் இத்துறையின் முன்னோடி முயற்சிகளுள் ஆலன் டீன் ஃபாஸ்டருடையது குறிப்பிடத்தக்கது. 1973, 74 ஆம் ஆண்டுகளில் ஒளிபரப்பான ஸ்டார் டிரெக் அசைவூட்டத் தொடரின் 22 பகுதிகளையும் அவர் 1974 முதல் 1978 வரை பத்து நூல்களாக்கினார். முதல் ஆறு நூல்களில் நூலுக்கு மூன்று பகுதிகள் இடம்பெற்றன. இறுதி நான்கில் நூலுக்கு ஒன்றே. முன்னவை தொகையின்பாற்படும்; பின்னவை விரியின்பாற்படும். அரைமணி நேரப் படமொன்று முழுநூலாக வேண்டுமெனில் எஞ்சிய பக்கங்களை ஆசிரியரே தம் கற்பனையால் நிரப்பியாக வேண்டும். வழிநூலாசிரியரின் ஆற்றலை இவ்விரித்தலே காட்டிக்கொடுக்கிறது.

அமெரிக்கச் சிறார் எழுத்தாளர் டிரேசி வெஸ்டின் நிலை இதனினும் கடினமானது. 1997 ஏப்ரல் 1 அன்று ஜப்பானில் தொடங்கிய போகிமான் தொடர் 1998இல் அமெரிக்காவை எட்டியது. அதனை அடியொற்றிய சிறுநூல் வரிசையை ஸ்காலஸ்டிக் பதிப்பகம் 1999இல் வெளியிடத் தொடங்கிற்று. அதன் முதல் நூலையும் மேலும் பலவற்றையும் எழுதியவர் வெஸ்ட். கதைமாந்தர் நிறுவனத்தின் உடைமை. கதைப்போக்கு முன்பே முடிந்தது. வாசகரோ அதனைத் திரையில் பார்த்து மனப்பாடமாக வைத்திருக்கும் சிறுவர். ஆசிரியருக்கு எஞ்சியிருப்பது சொல்முறை ஒன்றே. பிக்காச்சு என்னும் உயிரி தன் பெயரையன்றி வேறு சொல் பேசுவதில்லை. திரையில் குரலின் ஏற்ற இறக்கமே சினம், அச்சம், பரிவு அனைத்தையும் உணர்த்திவிடும். தாளில் அதே பெயரைப் பத்து முறை அச்சிட்டால் பத்தும் ஒன்றுபோலவே நிற்கும். எனவே, குரல் செய்த பணியை மெய்ப்பாடு செய்ய வேண்டியதாகிறது. காது, வால், கன்னத்துத் தீப்பொறி என உடலின் குறிப்புகளைச் சொல்லாக்கியாக வேண்டும். இப்பயிற்சியை எளிதென்று எண்ணுவோர் ஒரு பக்கமேனும் எழுதிப்பார்த்தல் நலம்.

இப்பயிற்சியின் விளைவை அவர் தாமே படைத்த 'டிராகன் மாஸ்டர்ஸ்' வரிசையில் காணலாம். அதன் முதல் நூல் 2014இல் வெளிவந்தது. வெங்காயம் பயிரிடும் குடும்பத்துச் சிறுவன் டிரேக், அரசன் ரோலண்டின் கோட்டைக்குக் கொண்டுசெல்லப்படுகிறான். அவனுக்கு வாய்த்த டிராகனோ சிறகற்றது, பழுப்பு நிறத்தது, புழு எனப் பொருள்படும் பெயருடையது. நெருப்பு, நீர், கதிரொளி எனப் பிற டிராகன்களுக்கு அமைந்த ஆற்றல்களைக் காணும்போது போகிமான் உலகின் சாயல் தெளிவாகவே புலப்படுகிறது. ஆயினும் ஒரு தலைகீழ் மாற்றம் இங்குக் கருதத்தக்கது. போகிமான் தொடரின் முதல் பகுதிக்கும் வெஸ்டின் முதல் நூலுக்கும் 'உன்னையே தேர்ந்தேன்' என்பது தலைப்பு; சிறுவன் உயிரியைத் தேர்கிறான். டிராகன் மாஸ்டர்ஸில் மந்திரக் கல்லே சிறுவனைத் தேர்கிறது. அவனுக்கு அதில் விருப்பமுண்டா என்று எவரும் கேட்பதில்லை. பிறர் உடைமையான உலகில் பல்லாண்டு எழுதியவரின் கைவண்ணம் இது எனக் கொள்ள இடமுண்டு. வரிசை 25 நூல்களைக் கடந்தபின் புதிய டிராகன், புதிய பகை, விரைவில் தீரும் இடர் எனக் கதையமைப்பு தேய்ந்துவிட்டமையையும் மறைப்பதற்கில்லை. தொடர்ப்படத்தின் குறையும் அவருடன் வந்து சேர்ந்தது போலும்.

இவ்வகை உறவுகளை விளக்க ஏ.கே. இராமானுசன் கருத்து துணைசெய்யும். 1929இல் மைசூரில் பிறந்த அவர், வீட்டின் கீழ்க்கட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் மாடியில் தந்தையாரின் ஆங்கிலமும் வடமொழியும் கேட்டு வளர்ந்தவர். இராமாயணங்கள் பற்றிய கட்டுரையில் அவர் மறுகூற்றை மூவகைப்படுத்துகிறார். மூலத்தை ஒத்தமைவது ஒன்று. கதையைக் காத்து ஊரையும் பேரையும் தம் மண்ணுக்கு மாற்றுவது மற்றொன்று. மூலத்தைச் சாக்காகக் கொண்டு வேறொன்றைச் சொல்வது, சில வேளைகளில் எதிர்த்தே சொல்வது, மூன்றாவது. வெஸ்டின் போகிமான் நூல்கள் முதல்வகையின. டிராகன் மாஸ்டர்ஸ் மூன்றாம் வகையை நெருங்குகிறது. இந்தியர் எவரும் இராமகாதையை முதன்முறையாகப் படிப்பதில்லை என்ற கருத்தும் அவருடையதே. கூத்துப் பார்ப்போர் கதை தெரிந்தே விடியவிடிய அமர்ந்திருக்கின்றனர். திரையில் கண்டதை நூலில் தேடும் சிறுவரின் நாட்டத்தை மட்டும் குறைவுடையதாகக் கருதுவது முறையாகுமா?

இரண்டாம் வகைக்குத் தமிழிலேயே சான்றுண்டு. 2007இல் தொடங்கப்பட்ட சுட்டி டிவியில் டோரா தமிழ் பேசியபோது, பூட்ஸ் என்னும் குரங்கு 'புஜ்ஜி' ஆயிற்று. ஸ்பானிய மொழிச் சொற்களைக் கற்பித்த சிறுமி ஆங்கிலச் சொற்களைக் கற்பிக்கலானாள். மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல் என்பதற்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு அரிது. மைசூரு அக்ரஹாரம் போன்ற இடங்களில் வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் கன்னட, ஆங்கில எழுத்துகளைப் பயிலும் சிறுவருக்கு இத்தகைய தமிழ் செவியளவிலேயே நின்றுவிடுகிறது. கதையைச் செவிவழியாக முன்பே அறிந்த சிறுவருக்குத் தமிழ் எழுத்தின் கடுமை பாதியாகக் குறையும். அந்நூலை எழுத முன்வருபவர் முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல் ஒன்றுண்டு. டோரா வினாவொன்றைக் கேட்டுவிட்டுப் பார்ப்போரை நோக்கிச் சற்றுநேரம் பேசாமல் நிற்கிறாள். சிறுவர் உரக்க விடைசொல்வதும் அந்த இடைவெளியில்தான். அச்சிட்ட பக்கத்தில் அம்மௌனத்தை எவ்வாறு அமைப்பது?