கோவலனின் முதல்: காப்பிய வணிகரும் சொந்தத் தொழிலும்

சிலப்பதிகாரத்தைப் பாடமாக நடத்தும்போது நாம் கோவலனைப் பெரும்பாலும் கணவனாகவே மாணவருக்கு அறிமுகப்படுத்துகிறோம். மாதவியிடம் சென்றவன், மனம் திரும்பியவன், ஊழால் கொலையுண்டவன் என்னும் வரிசையில் அவன் வாழ்வு சொல்லப்படுகிறது. அவன் வணிகன் என்பது குலப்பெயர் அளவில் நின்றுவிடுகிறது. ஆனால், புகாரை விட்டு நீங்கும் கோவலன் மேற்கொள்வது அடிப்படையில் ஒரு தொழில் முயற்சியே ஆகும். கண்ணகி சிலம்பைத் தர முன்வந்தபோது, அதனைச் செலவுக்குரிய பொருளாக அவன் கொள்ளவில்லை. அதனை 'முதல்' எனக் கொண்டு மதுரையில் இழந்த செல்வத்தை மீட்கப் போவதாகவே கூறுகிறான். கைப்பொருள் இழந்த ஒருவன் சிறு முதலுடன் அயலூரில் தனித்து நின்று தொழில் தொடங்க முற்படுகிறான் என்பதே அக்கதையின் புற வடிவம். அம்முயற்சி எவ்விடத்தில், எக்காரணத்தால் முறிந்தது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவி எழுப்பிய வினாவே இவ்வாய்வுக்குத் தூண்டுகோலாயிற்று. "ஒற்றைச் சிலம்பை யார் ஐயா வாங்குவார்கள்? அடகுக்கடைக்கு ஒற்றைத் தோட்டைக் கொண்டுபோனாலே மற்றது எங்கே என்று கேட்பார்களே" என்றாள். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். ஆயினும், அறிஞர் பலரின் சிலப்பதிகார விளக்கங்களைப் படித்திருந்தும் அப்படியொரு வினா எனக்குத் தோன்றியதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதலில் கோவலனின் தொழில் அனுபவத்தை நோக்குவோம். அவன் தந்தை மாசாத்துவான், மாமன் மாநாய்கன். இருவரும் புகாரின் பெருவணிகர். திருமணத்திற்குப்பின் கோவலனும் கண்ணகியும் பெற்றோரால் தனிமனையில் குடியமர்த்தப்படுகின்றனர். ஆனால் அத்தனிமனை வாழ்க்கையில் கோவலன் வாணிகம் செய்வதாக ஒரு காட்சியேனும் காப்பியத்தில் இல்லை. அவன் செலவிட்டது முன்னோர் தேடிய பொருள். எனவே, மதுரைக் கடைத்தெருவில் அவன் முயலும் சிலம்பு விற்பனையே நாம் காணும் அவனது முதல் வாணிகம். இறுதி வாணிகமும் அதுவே.

தொழிலறிவு இல்லாதவன் என்று இதனால் அவனைத் தள்ளிவிடவும் இயலாது. மதுரையின் புறஞ்சேரியை அடைந்ததும் அவன் வகுக்கும் திட்டம் தேர்ந்த வணிகனுக்குரியதாகவே உள்ளது. கவுந்தியடிகளிடம் கண்ணகியை ஒப்படைத்து, நகரத்து வணிகரிடம் தன் நிலையை உணர்த்தி வருவதாக அவன் கூறுகிறான். விற்பனையை அவன் முதலில் நினைக்கவில்லை. தன்னை அறிவித்துக்கொள்ளுதலையே முதலில் நினைக்கிறான். இது மிகச் சரியான வரிசையாகும். கவுந்தியும் இதனை நன்கு அறிந்திருக்கிறார். அடைக்கலக் காதையில் மாதரியிடம் கண்ணகியை ஒப்படைக்கையில், இவள் கணவனுடைய தந்தையின் பெயரைக் கேட்ட அளவில் அவன் குல வணிகர் அரும்பொருள் பெற்றவர்போல் மகிழ்ந்து எதிர்கொண்டு தம் மனைக்கு அழைத்துச் செல்வர் எனவும், அச்செல்வர் மனை புகும் வரையில் மட்டுமே இவ்வடைக்கலம் எனவும் அவர் தெளிவுறக் கூறுகிறார். ஆக, ஆயர் சேரியில் தங்குவது ஓர் இடைக்கால ஏற்பாடு. அடுத்த படி வணிகர் வீதி.

அந்த அடுத்த படி நிகழவேயில்லை. மறுநாள் கோவலன் சிலம்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே கடைத்தெருவுக்குச் செல்கிறான். நகரம் முழுவதையும் முன்னரே சுற்றிப் பார்த்து, பொன், மணி, துணி, கூலம் என ஒவ்வொன்றிற்கும் உரிய வீதிகளைக் கண்டு வந்தவன் அவன். அங்கே ஒரு வணிகரிடமேனும் தந்தையின் பெயரைச் சொன்னதாகக் குறிப்பு இல்லை. தொழிற்கொல்லர் நூற்றுவர் பின்தொடர வந்த பொற்கொல்லன் ஒருவனை எதிரில் காண்கிறான்; பாண்டியனிடம் வரிசை பெற்றவன் என அவன் தோற்றத்தைக் கொண்டே முடிவு செய்கிறான்; அரசிக்கு ஏற்ற சிலம்புக்கு விலையிட வல்லையோ என வினவுகிறான். குலத்தாரின் பிணையை நாடவேண்டியவன் அரண்மனைச் சார்புடைய ஒருவனின் மதிப்பை நம்பிவிட்டான். அரசியின் சிலம்பைத் திருடியவனே அவன் என்பது கதை. ஆனால் பொற்கொல்லன் நேர்மையானவனாக இருந்திருந்தாலும், பெயரறியாத அயலான் ஒருவன் அரசிக்குரிய மதிப்புடைய ஒற்றைச் சிலம்பை நீட்டும்போது ஐயம் எழாதிருக்குமா? மாணவியின் வினா இங்கேதான் வந்து நிற்கிறது.

இணைச்சிலம்பில் ஒன்றை வீட்டில் விட்டுச் சென்றது பற்றி இன்னொன்றும் கூற வேண்டும். பாண்டியன் அவைக்குக் கண்ணகி ஏந்தி வருவது எஞ்சிய அந்தச் சிலம்பே. கோவலனிடமிருந்து கைப்பற்றப்பட்ட சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைக் காட்டித்தான் உரிமை நிறுவப்படுகிறது. அரசியின் சிலம்பிலோ முத்து. இன்றைய தொழில்மொழியில் கூறுவதாயின், கோவலன் சரக்கைக் கொண்டுபோய் ஆவணத்தை வீட்டில் வைத்துவிட்டான். ஆவணம் அவை ஏறியபோது உரியவன் உயிருடன் இல்லை.

ஏன் அவன் தன் திட்டத்தைத் தானே கைவிட்டான்? இதற்கான விடை புகாரிலேயே உள்ளது. முன்னோர் தேடிய குன்றனைய செல்வத்தைத் தொலைத்த வறுமை தனக்கு நாணம் தருகிறது என்று அவன் கண்ணகியிடம் கூறியிருக்கிறான். பெற்றோர்க்கும் சொல்லாமல் இருள் நீங்குமுன் ஊரை விட்டுச் சென்றதும் அந்த நாணத்தால்தான். கொலைக்களக் காதையில், விற்கப் புறப்படுவதற்குச் சற்று முன்னரும் தன் பழைய நடத்தையையும் பெற்றோர்க்குத் தான் இழைத்ததையும் எண்ணியே வருந்துகிறான். அந்நிலையில் மாசாத்துவான் மகன் என்று மதுரை வணிகர்முன் நிற்க அவன் கால் எழவில்லை எனக் கொள்வது பொருந்தும். தந்தையின் பெயரைச் சொன்னால் தந்தையின் பொருளை என்ன செய்தாய் என்ற கேள்வியும் உடன் வரும். சிலம்புக்கு அத்தொல்லை இல்லை. அதற்கு விலை மட்டுமே உண்டு என அவன் எண்ணியிருக்கக்கூடும்.

இவ்வாறு வாசிப்பது ஊழ்வினையை மறுப்பதாகும் எனச் சிலர் கருதலாம். ஊழ் உருத்து வருதல் காப்பியத்தின் மூன்று உண்மைகளுள் ஒன்றெனப் பதிகமே உரைப்பதால் அக்கருத்தைப் புறக்கணிக்க இயலாது. ஆயின், இளங்கோவடிகள் ஊழை வானிலிருந்து இறக்கவில்லை; அறிமுகமற்ற விற்பனையாளன், ஐயத்திற்கிடமான பொருள், அரண்மனைச் சார்புடைய மதிப்பீட்டாளன், ஆராயாத அரசன் என உலகியல் வழியாகவே அதனை நடத்திக் காட்டுகிறார். ஊழ் என்ற ஒற்றைச் சொல்லோடு பாடத்தை முடித்துக்கொள்வது ஆசிரியருக்கு எளிது. அடிகளின் நுட்பத்திற்கு அது நியாயம் செய்வதாகாது.

இதனோடு ஒப்புநோக்கத் தக்கவன் மணிமேகலையில் வரும் சாதுவன். ஆதிரையின் கணவனான இவனும் மனைவியை நீங்கிக் கணிகையிடம் சென்றவன்; சூதிலும் பொருளை இழந்தவன். கைப்பொருள் தீர்ந்ததும் கணிகை இவனைப் போக்கிவிடுகிறாள். பின்னர், வங்கம் ஏறிச் செல்லும் வணிகரோடு இவனும் புறப்படுகிறான். கலம் உடைகிறது, ஒரு மரத்துண்டைப் பற்றி, நாகர் வாழும் மலைக்கரையில் ஒதுங்குகிறான். இவனிடம் சிலம்பு இல்லை, துணை இல்லை, முதல் என்று சொல்ல எதுவுமே இல்லை. உண்ண வந்தவர்களிடம் இவன் அவர்கள் மொழியிலேயே பேசுகிறான். அவ்வொன்றே இவனைக் காத்தது. அவர்களின் தலைவன்முன் கொண்டு நிறுத்தியது. அறம் பேசி, கொலையைக் கைவிடச் செய்து, முன்னர் அங்குக் கலமுடைந்தோரிடமிருந்து சேர்ந்திருந்த சந்தனமும் அகிலும் துணியும் பெற்று, சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலத்தில் ஊர் திரும்புகிறான்.

சாத்தனாருக்கு இது பௌத்த அறம் உரைப்பதற்கான கிளைக்கதை. எனினும், அறம் பேசுவதற்கு முன் மொழி பேச வேண்டியிருந்தது என்பதைப் புலவர் மறைக்கவில்லை. கடல் வாணிகத்தில் மொழியறிவு என்பது அயலானை அறிந்தவனாக மாற்றும் கருவி. கோவலன் தன் சொந்த மொழி வழங்கும் நகரில் அயலானாக மடிகிறான். சாதுவன் பிறமொழி வழங்கும் தீவில் அறிந்தவனாகிப் பிழைக்கிறான். ஆனால், சாதுவன் மீட்ட செல்வம் அங்கு மாண்ட பிற வணிகரின் சரக்கு என்பது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்துள்ளது. காப்பியம் அதுபற்றித் தயக்கம் எதுவும் காட்டாமல் கடந்துவிடுகிறது.

தென்கிழக்காசியாவில் கிடைத்துள்ள சான்றுகளும் இவ்வாசிப்புக்குத் துணைசெய்கின்றன. தென் தாய்லாந்தின் குவான் லுக் பட் என்னும் இடத்தில் கிடைத்த, ஏறத்தாழ கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பொன் உரைகல்லில், 'பெரும்பத்தன் கல்' எனப் பொருள்படும் தமிழ் பிராமி எழுத்துகள் உள்ளன. பத்தன் என்பது பொற்கொல்லனைக் குறிக்கும் சொல். அயல் துறையில் பொன்னை உரைத்துப் பார்க்கும் கருவியில் அதற்குரியவனின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. சுமாத்திராவின் பாருஸ் பகுதியில் கிடைத்த 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டோ திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினருடையது. இத்தகைய குழுக்கள் தனி வணிகனுக்கு அளித்தவற்றுள் தலையாயது அயலூரில் அவனை இன்னான் என்று சொல்ல ஆள் இருத்தல் எனலாம். கோவலனுக்காகக் கவுந்தி எதிர்பார்த்ததும் அதுவே.

அறிமுகம் மட்டும் போதுமா? ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' (1959) இவ்வினாவைப் பினாங்கு மண்ணில் வைத்து எழுப்புகிறது. மேடானில் பணியாற்றிய சிங்காரம் வட்டிக்கடைகளின் படிநிலையை உள்ளிருந்து அறிந்தவர். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகி, பின்னரே ஒருவன் தன் பெயரில் தொழில் தொடங்க எண்ண முடியும். அது ஊதியத்தோடு நம்பகத்தையும் சேர்த்துச் சேமிக்கும் நெடிய பயிற்சி. முதலாளி வயிரமுத்துப் பிள்ளையிடம் அப்பயிற்சி பெற்ற செல்லையா, இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து போர் முடிந்து திரும்புகிறான். அவனை அவர் நன்கறிவார். ஆயினும் தம் மகள் மரகதத்தை அவனுக்குத் தர மறுக்கிறார். துப்பாக்கி ஏந்தியவன் இனிப் பெட்டியடிக்கு ஆகான் என்பது அவர் கணிப்பு. இது பொதுவாக நிறைவேறாக் காதலின் கதையாகவே பேசப்பட்டு வந்துள்ளது. தொழிலின் வாயிலை உள்ளே இருப்பவர் எந்த அளவுகோலால் திறக்கின்றனர், மூடுகின்றனர் என்பதைக் காட்டும் நாவலாகவும் அதனைக் கொள்ள முடியும். பிள்ளையைக் கொடியவராகப் படைக்காதது சிங்காரத்தின் முதிர்ச்சி. அவர் கூறும் காரணம் தொழிலின் பார்வையில் முற்றிலும் பொருளற்றதன்று. அதுவே செல்லையாவின் நிலையை மேலும் கடினமாக்குகிறது.

மலேசியத் தமிழ்ப் புனைகதை பற்றிய நம் திறனாய்வு தோட்டத் தொழிலாளியை மையமாகக் கொண்டு வளர்ந்தது. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ஆனால், தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்த பின்னரும், கடை வைத்தவன் நம் ஆய்வுகளில் பெரும்பாலும் சுரண்டுபவனாகவோ ஓரப் பாத்திரமாகவோதான் தோன்றுகிறான். தேக்குன் நேஷனல் போன்ற கடனுதவி அமைப்புகள் 1998 முதல் இருந்து வருகின்றன. படிப்பை முடித்துக் கிள்ளானில் துணி வாணிகம் தொடங்கிய என் முன்னாள் மாணவர் ஒருவர், கடன் கிடைத்தது, சரக்குத்தான் கிடைக்கவில்லை என்றார். மொத்த வணிகர்கள் தவணைக்குச் சரக்குத் தருமுன் அவரிடம் கேட்ட கேள்வி, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்பது. அவர் தந்தை பால்மரம் வெட்டியவர். அப்பெயரை அங்கு அறிந்தவர் எவருமில்லை. ஓராண்டு ரொக்கத்திற்கே வாங்கி, சொன்ன நாளில் சொன்னபடி நடந்து காட்டிய பின்னரே அவருக்குத் தவணை கிடைத்தது.

அம்மாணவர் சிலப்பதிகாரத்தை என்னிடம்தான் படித்தார். நான் நடத்தியது வழக்குரை காதை. அடைக்கலக் காதையில் கவுந்தி மாதரியிடம் கூறும் அப்பகுதி பாடத்தில் இல்லாததால் அதனை நான் வகுப்பில் தொடவேயில்லை. இப்போது வழக்குரை காதைக்கு முன் ஒரு பாடவேளையை அதற்கென ஒதுக்கி வருகிறேன். இணைச்சிலம்பில் ஒன்றையே கோவலன் ஏன் எடுத்துச் சென்றான் என்ற வினாவோடு அவ்வகுப்பு தொடங்குகிறது.