கணக்குப் புத்தகத்தில் இல்லாத கடாரம்

போருக்கு நடுவே காதலையும் சிரிப்பையும் விற்கலாம் என்பது தமிழ் சினிமாவுக்கு 1945-லேயே தெரிந்திருந்தது. ஜெமினி ஸ்டூடியோவின் ‘கண்ணம்மா என் காதலி’ அந்த ஆண்டு வந்தது. இயக்கம் கொத்தமங்கலம் சுப்பு, நடிப்பு எம். எஸ். சுந்தரிபாய். பின்னணியில் பர்மாப் போர். முன்னால் காதலும் நகைச்சுவையும். 1942-ல் ஏறக்குறைய ஐந்து லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டுக் காடும் மலையும் கடந்து ஓடிவந்தார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே மாண்டார்கள். அந்த ஈரம் காயாத மூன்றாம் ஆண்டில் அதே பர்மாவை வைத்து ஒரு சிரிப்புப் படம் என்றால், துணிச்சல் பாதி, கட்டாயம் பாதி.

கட்டாயம் கச்சா பிலிமால் வந்தது. போர்க்காலத் தட்டுப்பாட்டில், ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று 1942-ல் அரசு வரம்பு கட்டியது. அடுத்து பிலிமுக்கு லைசென்ஸ் வந்தது. போர் முயற்சிக்கு ஆதரவாகவும் படம் எடுத்துத் தரவேண்டும் என்ற நெருக்கடி கூடவே வந்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் ‘பர்மா ராணி’ எடுத்தது, டி. ஆர். சுந்தரம் தானே ஜப்பானிய அதிகாரியாக நடித்தார். கே. சுப்ரமணியம் ‘மானசம்ரட்சணம்’ எடுத்தார். இவை இரண்டும் உளவு, வீரம் என்று நேர்வழியில் போனபோது ஜெமினி சிரிப்பைத் தேர்ந்தெடுத்தது. பிரச்சாரத்தைச் சர்க்கரை தடவிக் கொடுக்கத் தெரிந்த கம்பெனி அது. நாலு மணி நேரம் பாட்டாகவே ஓடிய தமிழ்ப் படங்களுக்கு அந்த 11,000 அடி வரம்பு நல்லதைத்தான் செய்தது என்பது என் கட்சி.

இந்தப் படங்களுக்கு வெளிநாட்டு வசூல் என்று எதைச் சொல்வது? சென்னைப் படத்துக்கு அன்றைக்கு வெளிநாடு என்றால் முக்கியமாக இலங்கை, பர்மா, மலாயா. பின்னிரண்டும் ஜப்பான் கையில். ஆக, படம் தயாரான நேரத்தில் மிச்சமிருந்தது இலங்கை மட்டுமே. எந்த மண்ணின் போரைக் காட்டினார்களோ அந்த மண்ணில் டிக்கெட் விற்க வழியில்லை.

மலாயாவின் கடாரம், அதாவது கெடா, அதன் கதை இன்னும் சிக்கல். 1941 டிசம்பர் 8-ல் ஜப்பானியர் மலாயாவில் கரையிறங்கினார்கள். சில நாட்களில் கெடாவின் ஜித்ரா அரண் உடைந்தது. 1943-ல் பிரிட்டிஷ், அமெரிக்கப் படங்களுக்குத் தடை வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கெடாவையே சயாமுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். தோட்டங்களில் ரப்பருக்கு விலையில்லை, அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு, கையில் ஜப்பானியரின் வாழைமர நோட்டு. ஆண்களைச் சயாம்-பர்மா ரயில்பாதைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். நேதாஜி 1943-ல் சிங்கப்பூர் வந்ததும் தோட்டத்துப் பெண்கள் ஜான்சிராணிப் படையில் சேர்ந்தார்கள். சென்னையில் பிரிட்டிஷ் பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, பால்மரக் காட்டுத் தமிழன் எதிர்ப்பக்கம் துப்பாக்கி தூக்கியிருந்தான். ஒரே மொழி பேசும் ரசிகர்களை ஒரே போர் இப்படி இரண்டு பக்கமும் உட்காரவைத்தது. வெளிநாட்டு வசூலைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பினார்கள். கப்பலும் படப்பெட்டியும் மறுபடி வரத் தொடங்கின. ஆனால் தோட்டத்தில் படம் பார்ப்பது தியேட்டர் வியாபாரத்தில் சேராது. திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். பிள்ளைகள் பொழுது சாயும் முன்பே சாக்கு விரித்து இடம் பிடித்துவிடும். இருப்பது ஒரே புரொஜெக்டர் என்றால் ரீல் மாற்றும்போதெல்லாம் இருட்டு, விசில், கச்சான் கடலை. முன்பக்கம் நிரம்பிவிட்டால் துணிக்குப் பின்னால் போய் உட்கார வேண்டியதுதான். அங்கே கதாநாயகன் இடது கையால் வாள் வீசுவான். விடியும் முன்னே பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்கவேண்டும், இருந்தும் கடைசி ரீல் வரை யாரும் எழமாட்டார்கள். இவர்கள் யாரும் டிக்கெட் கிழித்தவர்கள் அல்லர். படக்காரருக்குக் கிடைத்தது ஒரு இரவு வாடகை, அவ்வளவுதான். தலையை யாரும் எண்ணவில்லை. 1946-ல் தொடங்கிய மலாயன் பிலிம் யூனிட்டின் படங்களை அரசு வண்டியில் கொண்டுவந்து இலவசமாகக் காட்டியதும் இதே திடல்களில்தான். ஆகவே அக்காலப் படங்களின் மலாயா வசூல் என்று யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அது பட்டணத்துக் கொட்டகைகளின் எண். தோட்டம் அதில் இல்லை.

உலக அளவில் இந்த வகைப் படங்களின் வரவு காலத்தையும் தூரத்தையும் பொறுத்தது. சாப்ளினின் ‘தி கிரேட் டிக்டேட்டர்’ 1940-ல் வந்து அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நன்றாக ஓடியது. ஹிட்லர் பிடியிலிருந்த ஐரோப்பாவில் திரையிடவே முடியவில்லை. ரொபர்தோ பெனின்யியின் ‘லைஃப் இஸ் பியூட்டிஃபுல்’ 1997-ல் இத்தாலியில் வெளியாகி உலகெங்கும் சுமார் 23 கோடி டாலர் ஈட்டியது. அதில் ஏறக்குறைய 5.75 கோடி அமெரிக்காவில். வதைமுகாமை வைத்துச் சிரிக்கவைத்த படத்துக்கு அரை நூற்றாண்டு இடைவெளி தேவைப்பட்டது. சுப்புவுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

நம் பக்கத்தில் பிற்பாடு வந்தவற்றில் சிரிப்பு குறைந்து கண்ணீர் கூடியது. ‘சீதா ராமம்’ (2022) தெலுங்கில் எடுத்து தமிழிலும் மலையாளத்திலும் வந்த படம். அமெரிக்காவில் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. 2024 தீபாவளிக்கு வந்த ‘அமரன்’ உலகளவில் 300 கோடி ரூபாயைக் கடந்தது. இவை காதல் படங்கள்தான், ஆனால் நகைச்சுவைப் படங்கள் இல்லை. ராணுவ வீரனைப் பார்த்துச் சிரிக்க இன்றைய சந்தை தயங்குகிறது.

இப்போது அதே கடாரத்தின் கூலிமுக்கு வருவோம். ஹைடெக் பூங்கா 1996-ல் திறந்தது. மலேசியாவின் முதல் உயர்தொழில்நுட்பப் பூங்கா. அதே ஆண்டில்தான் ஆஸ்ட்ரோ தொலைக்காட்சியும் ‘வானவில்’ அலைவரிசையோடு வீட்டுக்குள் வந்தது. இன்ஃபினியன் நிறுவனம் 2024-ல் இங்கே தன் சிலிக்கான் கார்பைடு ஆலையின் முதல் கட்டத்தைத் திறந்தது. பெரட்டுக்கு நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் ‘சிஃப்ட்’ முடித்துப் பேரங்காடித் திரையரங்குக்குப் போகிறார்கள், அல்லது கைப்பேசியில் பார்த்துவிடுகிறார்கள். திரையரங்குக்குப் போனால் டிக்கெட் கணினியில் பதிவாகும். கேளிக்கை வரி கழியும். மிச்சத்தில் அரங்கமும் விநியோகஸ்தரும் பங்கு போடுவார்கள். சென்னையில் ‘எஃப்.எம்.எஸ். உரிமை’ என்று வெளிநாட்டு உரிமைக்கு விலை பேசும்போது இந்த வெள்ளிதான் கணக்கில் வருகிறது. கூட்டம் முன்னைவிடச் சிறியது, எண் மட்டும் துல்லியம்.

கடாரத்தின் சொந்தப் போரோ இன்னும் எழுத்தோடு நிற்கிறது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, சுங்கை பட்டாணிக்காரரான கோ. புண்ணியவானின் ‘கையறு’ போன்ற நாவல்கள் உண்டு. ‘ஜகாட்’ போல நாட்டின் உயரிய திரைவிருதை வென்ற தமிழ்ப்படம் எடுக்க இங்கே ஆள் உண்டு. மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டே காதலித்தவர்களும் கேலி பேசியவர்களும் அந்த லயங்களில் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி ஒரு படம் வந்தால் முதல் டிக்கெட் எனக்கு.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. லூனாஸ், பாடாங் செராய், பீடோங் பக்கம் எண்பதைத் தாண்டிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால், திடலில் என்ன படம் பார்த்தார்கள், யார் கொண்டுவந்தார்கள், என்ன கொடுத்தார்கள் என்று கேட்டு ஒலிப்பதிவு செய்து வையுங்கள். பழைய நோட்டீசோ வாடகை ரசீதோ கிடைத்தால் தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.