இரண்டாவது சுருள்

எரேமியாவின் புத்தகத்தைக் கதை எழுதுகிறவன் என்ற முறையில்தான் நான் படிக்கிறேன். 23 வருஷம் யூதேய ஜனங்களிடம் பேசினார், கேட்பாரில்லை. பாருக்கைக் கொண்டு எழுதுவித்த சுருளை, குளிர்காய்ந்துகொண்டிருந்த அரசன் யோயாக்கீம் சூரிக்கத்தியால் அறுத்து அறுத்துக் கணப்பில் போட்டான். எரேமியா வேறொரு சுருளில் அத்தனையையும் திரும்பச் சொல்லி எழுதுவித்தார், புதிதாகவும் சேர்த்தார்.

இனிப் பேசவே கூடாது என்று சலித்ததும், பிறந்த நாளைச் சபித்ததும் அதே நூலில் இருக்கின்றன. அவற்றை மறைத்திருந்தால் அவர் வெறும் சிலை. கி.மு. 587-ஐ ஒட்டி எருசலேம் விழுந்தது. அவர் வாக்குப் பலித்தது. ஆனால் பலிக்குமுன்பே, சலிப்போடு, சாம்பலுக்கெதிரே எழுதிய அந்த இரண்டாவது சுருள்தான் எனக்குப் பெரிது. அனுப்பிய கதை திரும்பி வந்தாலே பேனாவை மூடிவைக்கிறவன் நான்.