கொடையின் மொழியும் கிணற்று நீரும்

துண்டுப் பிரசுரங்களையும் ஆண்டறிக்கைகளையும் திறனாய்வுக்குரிய எழுத்தாகக் கொள்ளும் வழக்கம் எம்மிடையே அரிது. ஆயினும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் பற்றிய எழுத்தின் ஒரு பகுதி, சூழற் பணிகளுக்கு நிதி வழங்கும் கொடை நிறுவனங்களும் அவற்றின் கூட்டமைப்புக்களும் மேற்கொள்ளும் தொடர்பாடற் பணியின் வழியாகவே வெளிவருகின்றது. அவ்வெழுத்திற் 'சமத்துவம்' என்ற சொல் முன்னிறுத்தப்படுகின்றது. அச்சொல் அங்கு ஆற்றும் பணி யாது என்பதே எமது வினா.

1991 ஒக்ரோபரில் வாசிங்டனிற் கூடிய வெள்ளையரல்லாத மக்களின் சூழல் மாநாடு 17 கோட்பாடுகளை வெளியிட்டது. நச்சுக் கழிவுகள் தமது குடியிருப்புக்களை நாடிவருவதை எதிர்த்தோரின் குரல் அது. சூழல் தொடர்பான சமத்துவம் கொடுப்போர் அருளிய கொள்கையன்று, இழந்தோர் எழுப்பிய கோரிக்கை என்பது இதனாற் பெறப்படும். கொடையாளரின் ஏடுகளுக்கு அச்சொல் குடிபெயர்ந்தபொழுது வாக்கியத்தின் எழுவாய் மாறிவிட்டது.

இம்மாற்றத்தை அறிவதற்குத் தமிழ் இலக்கணமே எமக்குத் துணைசெய்கின்றது. தொல்காப்பியர் எச்சவியலில் ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் இரத்தற் சொற்களாகக் கூறி, முதலாவதை இழிந்தோனுக்கும், இரண்டாவதை ஒத்தோனுக்கும், மூன்றாவதை உயர்ந்தோனுக்கும் உரியனவாக வகுத்தார். கேட்கும் சொல்லிலேயே கேட்போனின் சமூகநிலை பொறிக்கப்பட்டிருந்தது. இன்றைய வெற்றிக்கதைகளில் 'பயனாளி' எனப்படுபவர் எச்சொல்லாலும் கேட்பதில்லை. அவருக்கு 'வழங்கப்பட்டது', 'விழிப்புணர்வு ஊட்டப்பட்டது' என்றே வாக்கியங்கள் அமைகின்றன. அவர் எழுவாயாக நிற்கும் வினை பெரும்பாலும் ஒன்றுதான்: 'நன்றி தெரிவித்தார்.' சமத்துவத்தைப் பேசும் எழுத்து 'தா' என்ற சொல்லுக்கு இடமளிக்கவில்லை.

'விழிப்புணர்வு' என்பதையும் சற்று உசாவுதல் வேண்டும். வற்றாத ஆறு எதுவுமில்லாத குடாநாடு, சுண்ணாம்புக்கற் பாறையில் ஊறித் தேங்கும் மழைநீரையே பெரிதும் நம்பியுள்ளது. இரசாயன உரமும் மலக்குழிகளும் அந்நீரில் நைத்திரேற்றை மிகுவிக்கின்றன. பாதுகாப்பான எல்லையாக உலக சுகாதார நிறுவனம் குறிப்பது லீற்றருக்கு 50 மில்லிகிராம். மலக்குழியைக் கிணற்றிலிருந்து தூரத்தில் அமைக்குமாறு அறிவுரை கூறப்படுகின்றது. அறிவுரை சரியானதே. ஆனால் இரண்டு பரப்புக் காணியில் வீடும் கிணறும் மலசலகூடமும் அமைய வேண்டிய குடும்பத்துக்குக் குறைவாக இருப்பது அறிவா, நிலமா? நிலப்பங்கீட்டின் விளைவொன்று இங்கே அறியாமையாக உருமாற்றப்படுகின்றது. அறியாமையைப் போக்கச் சுவரொட்டி போதும். நிலப்பங்கீட்டுக்குச் சுவரொட்டி போதாது.

இவ்வெழுத்தில் 'குடாநாட்டு மக்கள்' என்ற தொடர் ஓர் ஒருமையாகவே ஆளப்படுகின்றது. நீரைப் பொறுத்தவரை இங்கு அத்தகைய ஒருமை வரலாற்றில் இருந்ததில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் கிணற்றுக் கட்டை அணுகவியலாது, பிறர் அள்ளி வார்க்கும்வரை காத்துநின்ற சமூகம் இது. கே. டானியல் தமது பஞ்சமர் வரிசை நாவல்களுள் ஒன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயரிட்டார். டானியலின் கலைத்திறன் குறித்து விமரிசகரிடையே கருத்து வேறுபாடுண்டு. அவ்விவாதம் இங்கு வேண்டாம். நீர் மாசுற்றால் எவர் முதலில் தாகமுறுவர் என்பதை அறிய விரும்புவோர்க்கு அந்நாவல் தரும் அறிவைப் பல வண்ணப் பிரசுரங்கள் தரவில்லை என்பதே எமது கணிப்பு.

சுன்னாக நிகழ்வு இதனை மேலும் தெளிவாக்கும். 2014, 2015ஆம் ஆண்டுகளில் அப்பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பெரும் மக்கட் பிரச்சினையாயிற்று. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பரிசோதனைகள் பல கிணறுகளில் எண்ணெய் இருப்பதைக் காட்டின. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ அச்சத்துக்கு இடமில்லை என்னும் வகையிற் பேசியது. இரண்டுக்கும் நடுவே வாளியுடன் நின்ற குடும்பப் பெண், தன் கிணற்று நீரைக் குடிக்கலாமா என்ற ஒற்றை வினாவுக்கு விடை தேடவேண்டியிருந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், அங்கு மின்னுற்பத்தி செய்த நொதேர்ண் பவர் நிறுவனத்தின் செயற்பாடுகள் நிலத்தடி நீரை மாசுபடுத்தியமையை ஏற்று, பாதிக்கப்பட்டோர்க்கு 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு பணித்தது. அத்தீர்ப்பு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது.

தொடர்பாடற் பணியாளரைக் குறைகூறுதல் எமது நோக்கமன்று. அவர்களுட் பலர் இம்மண்ணின் இளைஞர். கொடையாளர் விரும்பும் மொழியில் எழுதாவிடில் அடுத்த ஆண்டு நிதியும் இல்லை, ஊதியமும் இல்லை. குறை, செய்தி செல்லும் திசையில் உள்ளது. கிணற்றடியிலிருந்து தரவு மேலே செல்கின்றது. அறிக்கையாக முதிர்ந்தபின் கொடையாளரின் மேசையில் தங்கிவிடுகின்றது. அத்திசையை மாற்றப் புதிய கோட்பாடு எதுவும் வேண்டியதில்லை. நீர்ப்பரிசோதனை முடிவைக் காணி உரிமையாளருக்கு மட்டுமன்றி, அக்கிணற்றில் அள்ளிக் குடிக்கும் அயற்குடும்பங்கள் யாவற்றுக்கும் கிணறு வாரியாகத் தமிழில் அறிவிப்பதற்கும், சுன்னாகத் தீர்ப்பை அங்குள்ள வாசிகசாலைகளில் உரத்து வாசிக்கத்தக்க தமிழில் அச்சிடுவதற்கும் ஆகும் செலவு, ஓர் ஆண்டறிக்கையின் வழவழப்பான தாளுக்கு ஆகும் செலவை விஞ்சாது.