ஞாபகமும் பதிவும்

சென்ற ஆண்டு ஓர் அமெரிக்க டெலிவிஷன் நாடகத்தைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதியிருந்தேன். அந்தக் கட்டுரையில் ஒரு தவறு இருக்கிறது. சின்னத் தவறு அல்ல; கட்டுரையின் தீர்ப்பே அந்தத் தவறின்மேல்தான் நிற்கிறது. அதைத் திருத்துவதற்காகவும், அது எப்படி நேர்ந்தது என்று சொல்வதற்காகவும் இதை எழுதுகிறேன்.

நாடகத்தின் கதை சாதாரணமானதுதான். வீட்டைவிட்டுப் போன மகள் பல வருஷங்களுக்குப் பிறகு ஓர் இரவு திரும்பி வருகிறாள். தகப்பனார் வாசலுக்கு வந்து அவளைப் பார்க்கிறார். ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போகிறார். கதவு சாத்தப்படுகிற சத்தம் கேட்கிறது. நாடகம் முடிகிறது. 'கதவைச் சாத்துவதற்குத் தெரிந்த இந்த ஆசிரியருக்கு மனிதர்களிடம் கருணை காட்டத் தெரியவில்லை' என்று நான் எழுதினேன். அந்த வாக்கியத்தைப் பாராட்டி இரண்டு மூன்று கடிதங்கள்கூட வந்தன. எனக்கும் திருப்தியாகவே இருந்தது.

குளிர்காலத்தில் நியூ ஜெர்ஸியில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது அதே நாடகத்தை மறுபடி ஒளிபரப்பப் போவதாகத் தெரிந்தது. "ரிகார்டு பண்ணி வச்சுடலாம் மாமா. நீங்க நிதானமாப் பார்க்கலாம்" என்றார் மாப்பிள்ளை. கட்டைவிரல் அளவில் ஒரு கருவியைக் கம்ப்யூட்டரில் செருகினார். காகிதத்தைப் போல் தட்டையான ஓர் ஆன்டெனாவைப் புத்தக அலமாரியின் பின்னால் ஒட்டினார். சோதனைக்காக அன்றிரவுச் செய்திகளைப் பதிவு செய்தோம். மறுநாள் போட்டுப் பார்த்தால் செய்தி வாசிக்கிறவரின் முகம் சதுரம் சதுரமாக உடைந்து கிடந்தது. குரல் பாதி வார்த்தையில் நின்றது.

இரண்டு நாள் மாப்பிள்ளை கம்ப்யூட்டரோடு மல்லுக்கு நின்றார். ஒரு புரோகிராமை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டார். யார் யாரையோ கேட்டார். ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். கடைசியில் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எஞ்சினியர். அவர் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. "நியூயார்க் எந்தப் பக்கம் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். ஆன்டெனாவை அலமாரியிலிருந்து பிய்த்துக் கிழக்கு ஜன்னலில் ஒட்டினார். அவ்வளவுதான். முகம் முழுசாகிவிட்டது.

பிறகு அவரே விளக்கினார். பழைய டெலிவிஷனில் அலை பலவீனமாக இருந்தால் பனி பெய்கிற மாதிரி புள்ளிகள் விழும். ஆனாலும் படம் தெரியும். 2009-ஆம் வருஷம் ஜூன் 12-ஆம் தேதியோடு அமெரிக்காவின் பெரிய நிலையங்களில் அந்த முறை நின்றுவிட்டது. டிஜிட்டல் முறையில் ஒரு நிலையம் வினாடிக்குச் சுமார் 1 கோடியே 90 லட்சம் பூஜ்யங்களையும் ஒன்றுகளையும் அனுப்புகிறது. அதில் பல நிகழ்ச்சிகள் கலந்து வரலாம். நமக்கு வேண்டிய நிகழ்ச்சிக்கு உரியவற்றைப் பொறுக்கி அப்படியே எழுதி வைத்துக்கொள்வதுதான் கம்ப்யூட்டரின் வேலை. அது படத்தைத் திரும்ப வரைவதில்லை. ஆகவே அலை சரியாக வந்து சேர்ந்தால், நிலையம் அனுப்பியது எதுவோ அதுவே நம்மிடம் இருக்கிறது. டேப்பில் நகலுக்கு நகல் எடுத்தால் ஏற்படுகிற மங்கல் இதில் கிடையாது.

அந்த வாரக் கடைசியில் நாடகம் ஒழுங்காகப் பதிவாயிற்று. பேரனைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு பார்த்தேன். கடைசிக் காட்சி வருவதற்கு முன்பே, "இப்போ பார், கிழவர் கதவைச் சாத்துவார்" என்று சொல்லி வைத்தேன்.

சத்தம் கேட்டது. பேரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "சாத்தலையே, தாத்தா!"

மூன்று முறை திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அவன் சொன்னதுதான் சரி. வீட்டுக் கதவு திறந்தே இருக்கிறது. கூடத்து விளக்கின் வெளிச்சம் வாசற்படி வரைக்கும் விழுகிறது. சாத்தப்படுவது வாடகைக் காரின் கதவு. மகளின் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு டிரைவர் அதைச் சாத்துகிறான்; கார் போய்விடுகிறது. அவள் நிற்கிறாள், பெட்டியோடு, திறந்த கதவுக்கு எதிரில். நான் கொடுத்த தீர்ப்புக்கு நேர் எதிரான முடிவு! சத்தத்தைக் காது சரியாகத்தான் கேட்டிருந்தது. கதவை மாற்றியது நான்.

புத்தகத்தை விமர்சிக்கிறவனுக்கு இந்த ஆபத்து குறைவு. சந்தேகம் வந்தால் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம். அவன் பார்க்காவிட்டால் வாசகர் புரட்டிப் பார்த்து அவனைப் பிடித்துவிடுவார். டெலிவிஷனைப் பற்றி எழுதினவர்களுக்கு வெகுகாலம் ஞாபகம் ஒன்றுதான் ஆதாரம். ஒளிபரப்பியவர்களே பல நிகழ்ச்சிகளை வைத்திருக்கவில்லை. ஜானி கார்ஸன் 1962 முதல் நடத்திய இரவு நிகழ்ச்சியின் முதல் பத்து வருஷத்து டேப்புகளில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டுவிட்டன. 1967-இல் நடந்த முதல் 'சூப்பர் பௌல்' பந்தயத்தை இரண்டு கம்பெனிகள் ஒளிபரப்பின. இரண்டும் முழுப் பதிவை வைத்துக்கொள்ளவில்லை. டேப் விலை அதிகம். அழித்துவிட்டு மறுபடி உபயோகிக்கலாம் அல்லவா?

பார்க்கிறவன் பதிவு செய்துகொள்ளலாமா என்பதற்கே ஒரு பெரிய வழக்கு நடந்தது. ஸோனியின் பீட்டாமாக்ஸ் கருவிமேல் யுனிவர்ஸலும் டிஸ்னியும் தொடுத்த வழக்கில், 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. ஒரே ஒரு நீதிபதியின் வித்தியாசம்! டிஜிட்டல் வந்த பிறகு, பதிவைக் கட்டுப்படுத்தும் அடையாளத்தை ஒளிபரப்பிலேயே சேர்த்து, எல்லாக் கருவிகளும் அதற்குப் பணிய வேண்டும் என்று 2003-இல் அரசாங்கக் கமிஷன் விதி செய்தது. 2005-இல் கோர்ட்டு அந்த விதியைத் தள்ளியது. வழக்குப் போட்டவர்களில் முதல் பெயர் அமெரிக்க நூலகச் சங்கம். புத்தகத்தை அடுக்கி வைக்கிறவர்களுக்குத்தான் இதன் அருமை முதலில் தெரிந்திருக்கிறது.

நூலகத்தில் வேலை பார்த்த இன்னோர் அம்மாள், பிலடெல்பியாவில் வாழ்ந்த மாரியன் ஸ்டோக்ஸ். 1979-லிருந்து 2012-இல் இறக்கும்வரை, வீட்டில் பல கருவிகளை ஓடவிட்டு, இரவு பகலாகச் செய்திகளைப் பதிவு செய்தார். சுமார் 70,000 டேப்புகள். அவரைப் பற்றி மாட் உல்ஃப் எடுத்து 2019-இல் வெளிவந்த 'ரிகார்டர்' என்ற படத்தில், 2001 செப்டம்பர் 11 காலையில் வெவ்வேறு நிலையங்கள் ஒரே நிமிஷத்தில் என்ன காட்டிக்கொண்டிருந்தன என்பதைப் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டுகிறார்கள். அந்தச் சில நிமிஷங்களுக்காகவே படத்தைப் பார்க்கலாம். ஒரு நிலையம் செய்தியைச் சொல்கிறது. இன்னொன்று இன்னும் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கிறது. எந்த மனிதருடைய ஞாபகமும் இதைத் தந்திருக்க முடியாது.

அந்தப் பதிவுகளுக்காகக் குடும்பம் கொடுத்த விலையையும் படம் மறைக்கவில்லை. சேர்த்து வைப்பது வேறு, விமர்சனம் வேறு என்பதும் எனக்குத் தெரியும். எழுபதாயிரம் டேப்புகளை யார் உட்கார்ந்து பார்ப்பது என்று கேட்கலாம். ஆனால் பார்க்க வேண்டியவன் ஒருவன் என்றைக்காவது வருவான். அவன் வரும்போது டேப் இருக்க வேண்டும்.

இப்போது அமெரிக்காவில் புதிய முறைக்கு மாறுகிற நிலையங்களில் பல, தங்கள் ஒளிபரப்பைப் பூட்டுப் போட்டு அனுப்பத் தொடங்கியிருக்கின்றன. ஜன்னலில் ஆன்டெனாவை ஒட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. சாவி உள்ள கருவியும் வேண்டும். தங்கள் சரக்கைக் காப்பாற்றிக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டுதான். ஆனால் என்னைப் போன்றவன் தன் தவறைக் கண்டுபிடிக்கிற வழியும் அந்தப் பூட்டுக்குள் அகப்பட்டுக்கொள்கிறது.

நாடக ஆசிரியருக்குக் கருணை இருக்கிறது. எனக்குத்தான் நிதானம் இல்லை. என் பழைய கட்டுரையைப் புத்தகத்தில் சேர்க்கலாமா என்று பதிப்பாளர் கேட்டார். சேர்க்கலாம், ஆனால் அடுத்த பக்கத்திலேயே இதையும் அச்சிட வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்.