மரத்திலிருந்து வந்த துணி

விஸ்கோஸ், ரேயான் துணிகளை இப்போதெல்லாம் 'இயற்கை இழை', 'மரத்திலிருந்து வந்தது', 'மண்ணில் மக்கும்' என்று சொல்லி விற்கிறார்கள். மூன்றையும் பொய் என்று தள்ளிவிட முடியாது. பெட்ரோலியத்திலிருந்து வரும் பாலியஸ்டரோடு ஒப்பிட்டால் மரக்கூழ் இழை தேவலைதான். ஆனால் நீலகிரியைக் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இந்த வாசகத்தைப் பார்த்ததும் ஒரு கேள்வி வரவேண்டும். எந்த மரம்? அது எங்கே நின்றது?

மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில், பவானிக் கரையில் சிறுமுகை இருக்கிறது. இன்று கைத்தறிப் பட்டுக்குப் பேர்போன ஊர். அங்கேதான் சவுத் இந்தியா விஸ்கோஸ் ஆலை இருந்தது. அதற்கு மரம் போனது மலை மேலிருந்து, தைல மரமும் சீகை என்று இங்கே சொல்கிற வாட்டிலும். தைல மரத்தை 1840களில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது விறகுக்காக. வாட்டில் பட்டை தோல் பதனிடப் போனது. ஆகவே எல்லாப் பழியையும் விஸ்கோஸ் தலையில் கட்டிவிட முடியாது. இருந்தாலும் சுதந்திரத்துக்குப் பிறகு புல்வெளிகளைத் 'தரிசு' என்று கணக்கெழுதி மரம் நட்டதில், ஆலைகளுக்குக் கூழ்மரம் வேண்டும் என்பதற்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தப் புல்வெளி தரிசா என்ன? சோலையும் புல்வெளியும் சேர்ந்துதான் மழைத்தண்ணீரைப் பிடித்துவைத்து ஓடைகளுக்கு விடுகின்றன. தோடர்களின் எருமை மேய்ந்தது அங்கேதான். அவர்கள் கோயிலுக்குக் கூரை வேய்கிற புல்லும் அங்கேதான். இப்போது வனத்துறையே வாட்டிலை வெட்டி அகற்றிப் புல்வெளியை மீட்கப் பார்க்கிறது. வெட்ட வெட்ட முளைக்கிறது, விதை மண்ணுக்குள் வருஷக்கணக்கில் காத்துக்கிடக்கும்.

அடுத்தது, மரம் எப்படித் துணியாகிறது என்பது. கூழைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்ஃபைடு சேர்த்துத் தேன்போலக் குழம்பாக்கி, கந்தக அமிலத்தில் இழையாக இழுக்கிறார்கள். கார்பன் டைசல்ஃபைடு நரம்பைத் தாக்கும் என்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்த விஷயம். சிறுமுகை ஆலையின் கழிவு பவானியில் கலந்தது. 1990களில் விவசாயிகள் போராடினார்கள், பிறகு ஆலை மூடப்பட்டது. மேலே புல்வெளி, கீழே ஆறு என்று ஒரே துணி இரண்டு இடத்தில் விலை கேட்டிருக்கிறது.

லையோசெல் என்ற புது முறையில் கார்பன் டைசல்ஃபைடு கிடையாது, கரைப்பானையும் ஏறக்குறைய முழுசாகத் திரும்ப எடுத்துவிடுகிறார்கள். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அது ஆலைக்குள் நடக்கிற கதைக்கு மட்டும்தான் பதில். மரம் எங்கே நின்றது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

'அப்போ தோடர் எம்பிராய்டரி வாங்கினால் சரியா?' என்று கேட்பார்கள். அதிலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. தோடர்கள் நெய்வதில்லை, வெள்ளைப் பருத்தித் துணியை வெளியில்தான் வாங்குகிறார்கள். பெண்கள் படம் வரையாமல், நூலை எண்ணி எண்ணிச் சிவப்பிலும் கருப்பிலும் தைக்கிறார்கள். எண்ணுவதற்குத் துணி இழை தெரிகிற மாதிரி முரடாக இருக்கவேண்டும். அந்தப் பூத்துக்குளியை ஆணும் பெண்ணும் போர்த்துவார்கள், இறந்தவரையும் அதில்தான் சுற்றுவார்கள். 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது கலையின் பெயரைக் காக்கும், நூல் எதுவென்று கேட்காது. இப்போது கம்பளி நூலோடு அக்ரிலிக்கும் புழங்குகிறது. அக்ரிலிக் வந்தது பெட்ரோலியத்திலிருந்து. அதற்காகத் தைக்கிற பெண்ணைக் குறை சொல்வது அநியாயம். கிடைக்கிற நூலில்தான் அவர் தைக்க முடியும். மாதக்கணக்கில் தைத்த போர்வையைப் பேரம் பேசி வாங்குகிறவர்கள்தான் பருத்தி நூலுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கவேண்டும்.

என் வாதம் இதுதான்: இழையின் பெயரை மட்டும் வைத்துத் துணியை நல்லது, கெட்டது என்று பிரிக்க முடியாது. எந்த நிலத்தில் விளைந்தது, கழிவு எந்தத் தண்ணீரில் போனது, செய்தவருக்கு என்ன கிடைத்தது, நாம் எத்தனை வருஷம் உடுத்துவோம் — இந்த நான்கையும் கேட்கவேண்டும். முதல் மூன்றுக்கும் துணியில் தொங்கும் சீட்டு பதில் சொல்வதில்லை. நான்காவது நம் கையில் இருக்கிறது. ஏற்கெனவே அலமாரியில் இருக்கிற சட்டையை, அது பாலியஸ்டராகவே இருந்தாலும், கிழிகிற வரைக்கும் போடலாம்.